படம் உண்மை, தகவலும் உண்மை, ஆனால் திரித்துப் போட்டிருக்கிறார்கள். அதை 'ஃபேக் நியூஸ்' என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரிடமோ அப்படிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 'மிஸ்லீடிங்', அதாவது ஆளைத் தவறாக நம்ப வைக்கிறது, என்று எழுதுங்கள்.

நான் ராமேஸ்வரத்தில் யாத்ரீகர்களுக்கு வேன் ஓட்டுகிறேன். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். எங்கோ தூரத்தில் புயல் உருவாகலாம், அவ்வளவுதான். 5-ம் எண்ணிலிருந்துதான் துறைமுகத்துக்கே ஆபத்து என்று அர்த்தம்.

போன கார்த்திகையில் ஒரு யூடியூப் சேனல், "பாம்பனில் புயல் கூண்டு! தத்தளிக்கும் ராமேஸ்வரம்!" என்று போட்டது. எண்ணைச் சொல்லவே இல்லை. கூடவே அலை வந்து பாலத்தில் மோதுகிற காட்சி. பாம்பன்தான், மறுக்கவில்லை. ஆனால் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் அதில் எங்கே? அந்தத் தூக்குப் பாலத்தின் கோபுரங்கள் சாலைப் பாலத்தில் ஏறினாலே கண்ணில் படும். காட்சியில் 1914-ல் திறந்த பழைய பாலம் மட்டும் நிற்கிறது. அன்று இரவே சேலத்துக் குடும்பம் ஒன்று வண்டியை ரத்து செய்தது. "ஐயா, இங்கே நல்ல வெயிலுங்க" என்றேன். "வீடியோவுலயே காட்டுறானேப்பா" என்றார் பெரியவர்.

எங்கள் ஸ்டாண்டுத் தம்பி ஒருவன் அதன் கீழே 'ஃபேக் நியூஸ்' என்று எழுதினான். சேனல்காரர் கூண்டுப் படத்தைப் போட்டு, "ஏத்தினது உண்மையா இல்லையா?" என்று மடக்கிவிட்டார். ஆளாளுக்குத் தம்பியைத் திட்டினார்கள். நான், "மிஸ்லீடிங். எத்தனாம் எண் கூண்டு? வீடியோ எந்தத் தேதி?" என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

"வாடகை போன வயிற்றெரிச்சல்" என்று சொல்ல வருவீர்கள். 1964-ல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1-ம் எண்ணுக்கே இந்தக் கூப்பாடு போட்டால், 8 ஏறுகிற அன்று யார் நம்புவார்கள்?

அப்புறம், வீடியோ எடுக்க வருகிறவர்கள் சாலைப் பாலத்தின் மேலேயே வண்டியை நிறுத்துவதை யாராவது தட்டிக் கேளுங்கள். தீவுக்கு இருப்பதே அந்த ஒரு சாலைதான். மதுரைக்கு நோயாளியை ஏற்றிப் போகிற ஆம்புலன்ஸும் அங்கே ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.