நெப்டியூனின் நிறம் எது?

கேள்வி: சென்ற இதழில் சூரியக் குடும்பப் படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டு வியந்திருந்தீர்கள். இத்துடன் நெப்டியூனின் படங்கள் இரண்டை அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் அது அடர்நீலம், இன்னொன்றில் வெளிறிய பச்சைநீலம். இரண்டையும் எடுத்தது ஒரே விண்கலம் என்கிறார்கள். அப்படியானால் எல்லாமே கணினியில் சாயம் பூசியதுதானே? வானியல் படிக்காத நாம் இவற்றை ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டு ரசிப்பதில் என்ன பயன்? உங்களுக்குப் பிடித்த படம் என்று ஒன்று உண்டா? அதுவாவது நிஜமா?

— ஒரு வாசகர்

பதில்: இரண்டு படங்களும் நிஜம்தான். 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 நெப்டியூனைக் கடந்து போனபோது எடுத்தவற்றிலிருந்து உருவானவை அவை. நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு. அந்தப் படங்களின் கீழே இருந்த குறிப்பு எங்கே? நீங்கள் அனுப்பிய நகல் இரண்டிலும் அது இல்லை. உங்களுக்கு அனுப்பியவர் வெட்டியிருக்கலாம், அவருக்கு வந்ததே அப்படியும் இருக்கலாம். உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த வெட்டுதான்.

நெப்டியூன் சூரியனிலிருந்து சுமார் 450 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நமக்குக் கிடைக்கும் வெயிலில் 900-இல் ஒரு பங்குதான் அங்கே விழுகிறது. அந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தை உள்ளது உள்ளபடி வைத்தால் மேகப் பட்டைகளும் ‘பெரிய கரும்புள்ளி’ என்ற புயலும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. விஞ்ஞானிகளுக்கு வேண்டியது அவைதான். அதனால் கான்ட்ராஸ்டைக் கூட்டினார்கள், கூடவே நீலமும் அடர்த்தியாகிவிட்டது. இதை யாரும் மறைக்கவில்லை, அன்றைக்கே படக்குறிப்பில் சொல்லியிருந்தார்கள். அப்புறம் படம் பாடப் புத்தகத்துக்கும் சுவரொட்டிக்கும் போனது, குறிப்பு போகவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக உலகமே நெப்டியூனை அடர்நீலம் என்று நம்பியது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் இர்வினும் குழுவினரும், ஹப்பிள் தொலைநோக்கியும் சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கியும் தந்த அளவீடுகளை வைத்து வாயேஜர் படங்களின் நிறத்தைத் திருத்தி வெளியிட்டார்கள். யுரேனஸ், நெப்டியூன் இரண்டுமே ஏறக்குறைய ஒரே வெளிறிய பச்சைநீலம்தான். நெப்டியூனின் மேல் உள்ள மூட்டம் சற்று மெல்லியது, அதனால் அது கொஞ்சம் கூடுதல் நீலம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, உங்கள் முதல் படம் மேகங்களைப் பார்ப்பதற்காகச் செய்தது. இரண்டாவது, நம் கண் அங்கே போனால் என்ன பார்க்கும் என்பதற்காகச் செய்தது. இரண்டுக்கும் வேலை வேறு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைப் பொய் என்பது நியாயமில்லை.

‘சாயம்’ என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். விண்கலங்களின் கேமராக்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கின்றன. ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று வெவ்வேறு வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியாக எடுத்து, பூமியில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். உங்கள் கைப்பேசி கேமராவும் நிறத்தை இப்படிப் பிரித்துச் சேர்த்துத்தான் தருகிறது, நொடியில் செய்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. கண்ணுக்கே எட்டாத ஒளியில் எடுப்பதும் உண்டு. சூரியனைப் புற ஊதாவிலும், வியாழனை அகச்சிவப்பிலும் எடுத்துவிட்டு நமக்குத் தெரிகிற ஏதாவது ஒரு நிறத்தைக் கொடுக்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் எலும்பு மட்டும் தெரிகிறது, தோல் தெரியவில்லை என்பதற்காக அதைப் பொய்ப்படம் என்று யாரும் தூக்கிப் போடுவதில்லையே.

சாயம் என்றாலே உங்களுக்குச் சந்தேகம் வருகிறது. அதனால் கையாலேயே சாயம் பூசிய படம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். 1965 ஜூலையில் மரைனர் 4 செவ்வாயைக் கடந்து போனது. வேறொரு கோளை அருகிலிருந்து முதன்முதலாகப் படமெடுத்த விண்கலம் அது. ஒரு படம் 200 வரிசை, வரிசைக்கு 200 புள்ளி, அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் என்பது ஓர் எண்ணாக வந்தது. நொடிக்கு எட்டு பிட் சொச்சம் என்ற வேகத்தில் ஒரு படம் வந்து சேரவே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விண்கலத்தில் இருந்த டேப் ரெக்கார்டர் ஒழுங்காகப் பதிந்ததா என்ற பதைப்பு வேறு. கலிபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகப் பொறியாளர்களுக்குப் பொறுமை இல்லை. எண்களைக் காகிதப் பட்டைகளில் அச்சிட்டார்கள், பட்டைகளைப் பக்கத்தில் பக்கமாகச் சுவர்ப் பலகையில் பொருத்தினார்கள், ஓவியக் கடையில் வாங்கி வந்த பாஸ்டல் குச்சிகளை எடுத்து எண்ணுக்கு ஒரு நிறம் என்று தீட்ட ஆரம்பித்தார்கள். பழுப்பு, சிவப்பு, மஞ்சள். கிட்டப் போய்ப் பார்த்தால் கிறுக்கலுக்கு அடியில் எண்கள் இன்னும் படிக்கக் கிடைக்கின்றன. தள்ளி நின்றால் செவ்வாயின் விளிம்பு வளைந்து தெரிகிறது. நிறம் அவர்களாகத் தேர்ந்தெடுத்தது, எண் செவ்வாயிலிருந்து வந்தது. எது யாருடையது என்பது அந்தப் பலகையிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. என்னைப் பொறுத்தவரை இதைவிட நேர்மையான ஒரு கோள்படம் இல்லை.

உங்களோடு நான் ஒத்துப்போகிற இடமும் உண்டு. குறிப்பை வெட்டிவிட்டுப் பகிர்கிறவர்கள் செய்வது சின்னத் தவறு இல்லை. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமிக்கு வழக்கத்தைவிட மிக அருகில், 5.6 கோடி கிலோமீட்டருக்குள் வந்தது. ‘தொலைநோக்கியில் 75 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், வெறும் கண்ணுக்கு முழுநிலா தெரிகிற அளவுக்குச் செவ்வாய் தெரியும்’ என்று சொல்லப்பட்டது. அதில் உள்ள ‘75 மடங்கு’ வழியிலேயே உதிர்ந்துபோய், ஆகஸ்ட் வந்தால் வானில் இரண்டு நிலா என்ற வதந்தி பல வருடம் சுற்றியது. வெள்ளிக் கோள் என்று எரிகிற ஆரஞ்சு உருண்டை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது மெகல்லன் விண்கலம் மேகத்தை ஊடுருவி ரேடார் மூலம் பதிந்த தரை வரைபடம். ஆரஞ்சு நிறம், சோவியத்தின் வெனீரா கலங்கள் வெள்ளியின் தரையில் இறங்கி எடுத்த படங்களைப் பார்த்துக் கொடுத்தது. விண்வெளியிலிருந்து கண்ணால் பார்த்தால் வெள்ளி வெறும் வெளிர்மஞ்சள் மேகப் பந்து. அதேபோல, 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 சுமார் 600 கோடி கிலோமீட்டரிலிருந்து எடுத்த பூமியின் படம். ஒரு பிக்சல்கூடத் தேறாத அந்தப் புள்ளியின் மேல் ஒரு ஒளிக்கற்றை விழுகிறதே, அதற்கு என்னென்னவோ விளக்கம் சொல்கிறார்கள். அங்கிருந்து பார்க்கையில் பூமிக்குப் பக்கத்திலேயே சூரியன் தெரிந்ததால் கேமராவுக்குள்ளேயே சிதறிய வெளிச்சம் அது. பூமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, படிக்காதவர்கள் பகிர்வதில் என்ன பயன் என்று கேட்டீர்கள். ‘படிக்காத நாம்’ என்று நீங்களாக ஒதுங்கிக்கொள்வதுதான் எனக்கு வருத்தம். 2016-இல் வியாழனைச் சுற்றத் தொடங்கிய ஜூனோ விண்கலத்தில் உள்ள ஜூனோகேம் கேமரா, முக்கியமாகப் பொதுமக்களை மனதில் வைத்தே பொருத்தப்பட்டது. அது அனுப்பும் பக்குவப்படுத்தாத படங்கள் எல்லோருக்கும் திறந்து வைக்கப்படுகின்றன. கலம் சுழன்றுகொண்டே எடுப்பதால் அவை பட்டை பட்டையாக வரும். அவற்றை நிமிர்த்தி, ஒட்டி, நிறம் சேர்ப்பவர்களில் பலர் ஆர்வலர்கள். நாம் பார்த்து வாயடைத்துப் போன வியாழனின் நீலச் சுழல்கள் பல, கெவின் கில், ஜெரால்டு ஐக்ஸ்டாட், ஷான் டோரன் போன்றவர்களின் கைவண்ணத்தில் வந்தவை. ஒரே மூலப்படத்தை மூன்று பேர் எடுத்தால் மூன்று விதமாக வரும். ஒருவர் புயலின் விளிம்பைத் துலக்குவார், இன்னொருவர் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தோடு நிறுத்திக்கொள்வார். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டு, அவர்கள் பதில் சொல்வதைப் படித்தாலே பாதி வானியல் புரிந்துவிடும். இந்தப் பேச்சுக்குத்தான் பகிர்வது. பேச்சு இல்லாமல் ‘ஆஹா’ என்ற ஒரு சொல்லோடு தள்ளிவிடுவதில் பயன் இல்லை என்றால், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பிடித்தது, சனியைச் சுற்றிய காசினி விண்கலம் 2013 ஜூலை 19 அன்று எடுத்த சனியின் படம். அன்று விண்கலம் சனியின் நிழலுக்குள் இருந்தது. சூரியனைச் சனி மறைத்துக்கொண்டதால்தான் பூமி இருக்கும் பக்கம் கேமராவைத் திருப்ப முடிந்தது, இல்லாவிட்டால் வெயில் கேமராவைக் கெடுத்துவிடும். கோள் இருட்டாக இருக்கிறது, வளையங்கள் மட்டும் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒளிர்கின்றன. வழக்கமாகக் கண்ணில் படாத வெளிவளையம் நீலப் புகைபோல அகலமாகப் பரவி நிற்கிறது. என்செலடஸ் நிலா பீய்ச்சும் பனித்தூள்தான் அந்த வளையம். வலப்பக்கம் ஒரு நீலப் புள்ளி, 144 கோடி கிலோமீட்டர் தூரத்தில் பூமி. கரோலின் போர்கோ தலைமையிலான படக்குழு இதை முன்கூட்டியே அறிவித்து, அந்த நேரத்தில் வெளியே வந்து சனியைப் பார்த்துக் கையசைக்கச் சொல்லியிருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து தன்னை யாரோ படமெடுக்கப் போகிறார்கள் என்று பூமியில் இருப்பவர்களுக்கு முன்பே தெரிந்தது அதுதான் முதல் தடவை. படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் நேரே அந்தப் புள்ளிக்குத்தான் போகிறது.

அது நிஜமா என்றீர்கள். நான்கு மணி நேரத்தில் எடுத்த 323 படங்களில் 141-ஐ ஒட்டிச் செய்தது அது. நிறம், கண் பார்ப்பதற்கு நெருக்கமாக அமைத்தது. ஆனால் பூமி, வெள்ளி, செவ்வாய் மூன்றும் சனியோடு ஒப்பிட எட்டரை மடங்கு பிரகாசம் கூட்டப்பட்டவை, மங்கலான வெளிவளையங்களுக்கும் வெளிச்சம் கூட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் நான் துப்புத் துலக்கிக் கண்டுபிடித்ததில்லை. படத்தை வெளியிட்டவர்களே எதை எத்தனை மடங்கு கூட்டினோம் என்று படத்துக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏமாற்ற நினைக்கிறவர்கள் இப்படிக் கணக்கு ஒப்படைக்க மாட்டார்கள்.