தோள் கொடுக்கும் முன்: கேள்வி பதில்

தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். "நாலு பேருக்கு உதவ ஆசை, ஆனால் என் மனதையே சமாளிக்க முடியவில்லை" என்று எழுதியவர்களின் கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறேன்.

அக்கா, நானே பயந்த சுபாவம். சின்ன விஷயத்துக்கும் கை நடுங்கும். முதலில் நான் முழுசாகச் சரியான பிறகுதான் உதவ வரவேண்டுமா?

இப்போதே வரலாம்மா. முழுசாகச் சரியானவர்கள்தான் வரவேண்டும் என்றால் எங்கள் குழுவில் ஒருவரும் மிஞ்ச மாட்டோம். நான் இரண்டு விஷயம்தான் பார்ப்பேன். பதற்றம் தலைதூக்கும்போது அது உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்த பிறகு, பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வழி கைவசம் இருக்கிறதா? இருந்தால் போதும். ஒன்று மட்டும்: உங்கள் வீட்டில் அண்மையில் ஒரு மரணம் என்றால், துக்க வீடுகளுக்குப் போகும் வேலையை இப்போது எடுக்காதீர்கள். பெயர்ப் பட்டியல் எழுதுவது, பொருட்களைப் பிரித்து அடுக்குவது என்று எத்தனையோ இருக்கிறது. அதுவும் உதவிதான்.

மூச்சுப் பயிற்சி உண்மையிலேயே பலன் தருமா? வாக்குவாதம் முற்றியபோது செய்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளத்தில் விழுந்த பிறகு நீச்சல் கற்க முடியாது தம்பி. மனம் அமைதியாக இருக்கும் நாட்களில் பழகினால்தான், கொந்தளிக்கும் நேரத்தில் உடம்பு தானாக அதைத் தேடிப் போகும்.

பலன் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், மெதுவாக விடும்போது நிதானமாகும். பலருக்கு இது விரலிலேயே தெரியும். வெளிமூச்சின்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. அதனால்தான் விடும் மூச்சை நீட்டச் சொல்கிறோம். 4 எண்ணும் வரை இழுங்கள், 6 எண்ணும் வரை விடுங்கள். தினமும் 5 நிமிடம் போதும், ஆனால் தினமும் செய்ய வேண்டும்.

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும். அவர்கள் மூச்சை விட்டுவிடலாம். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, கண்ணில் படும் 5 பொருட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், பிறகு காதில் விழும் சத்தங்களை. இதை எதிரில் இருப்பவருக்குத் தெரியாமலேயே செய்ய முடியும்.

ஒருவரின் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு வந்தால் அன்று இரவு தூக்கம் போய்விடுகிறது. மனதைக் கல்லாக்கிக் கொள்ள வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். அடுத்தவர் வலியை நம் வலியாகவே சுமப்பது வேறு, அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று கனிவோடு பக்கத்தில் நிற்பது வேறு. நரம்பியல் ஆய்வாளர் தானியா சிங்கரின் குழு இதைச் சோதித்திருக்கிறது. துன்பக் காட்சிகளைப் பார்த்து வலியை உள்வாங்கிப் பழகியவர்களுக்கு மனவேதனை கூடியது. அதே ஆட்களுக்குக் கருணைப் பயிற்சி கொடுத்த பிறகு அந்த வேதனை குறைந்து, நல்லுணர்வு கூடியது. ஆக, கனிவும் பழகினால் வரும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். வீட்டுக் கதவில் கை வைத்ததும் ஒரு நிமிடம் நிற்பேன். "அந்த அம்மாவின் துயரம் அவருடையது. நான் அரை மணி நேரம் அவர் கூட இருந்தேன். என்னால் ஆனதைச் செய்தேன்" என்று வாய்விட்டே சொல்வேன். அப்புறம்தான் உள்ளே போவேன். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, இப்போது அது இல்லாமல் கதவைத் திறக்க மனம் வராது. இப்படியெல்லாம் செய்தும் இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

ஒரு விபத்துக்குப் பிறகு எல்லோரையும் உட்காரவைத்து, நடந்ததை விவரமாகச் சொல்லச் சொன்னோம். ஒரு பெண் பாதியில் எழுந்து போய்விட்டார். எங்கள் மேல் தவறா?

நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், ஆனால் இனி வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு பார், காதுகொடுத்துக் கேள், தேவையான உதவியோடு இணை என்று மூன்றைத்தான் சொல்கிறது. பேசச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது அதில் முக்கியமான பாடம். எழுந்து போன அந்தப் பெண் தன்னைக் காத்துக்கொண்டார். அவரிடம் போய், "தண்ணீர் வேண்டுமா? வீட்டில் யாருக்காவது தகவல் சொல்லட்டுமா?" என்று கேட்டிருந்தால் போதும்.

இதில் நம்மைப் பற்றியும் ஒன்று இருக்கிறது. ஒருவர் பேசாமல் இருந்தால் நமக்கு இருப்புக் கொள்வதில்லை. ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற நம் தவிப்பைத் தீர்க்கத்தான் பல நேரம் அவர்களைப் பேசவைக்கிறோம். அந்த மௌனத்தில் பத்து நிமிடம் சும்மா உட்காரப் பழகுங்கள். பயிற்சியில் நான் அதிக நேரம் செலவழிப்பது இதற்குத்தான்.

இரவு 11 மணிக்கும் போன் வருகிறது. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"இப்போது பேச முடியவில்லை, காலை 10 மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டும் விடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்வதாக ஒருவர் பேசினால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அவரைத் தனியே விடாமல், பக்கத்தில் யாராவது இருக்கும்படி செய்து, அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

உதவி கேட்டு வருகிறவர்களைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. நான் கெட்டவனாகிவிட்டேனா?

இல்லை ஐயா, களைத்துப் போயிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்கள் சொல்லியிருக்கிறார்கள்: சக்தி வற்றிப்போவது, செய்யும் வேலை மேல் வெறுப்பு, நம்மால் பயனில்லை என்ற எண்ணம். அந்தப் பட்டியலில் இருந்தாலும் அதை ஒரு நோயாக அவர்கள் சொல்லவில்லை, குணக்கேடு என்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் விடுப்பு எடுத்துவிட்டு அதே சுமைக்குத் திரும்பினால் அதே எரிச்சல்தான் வரும். பாதி வேலையை இன்றே வேறொருவரிடம் கொடுங்கள்.

நாங்கள் 8 பேர் சேர்ந்து புதிதாகக் குழு தொடங்குகிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். தனியாக யாரும் எங்கும் போக வேண்டாம். திரும்பி வந்ததும் ஜோடியில் ஒருவர் மற்றவரிடம் "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் கலைய வேண்டும். "நன்றாக இருக்கிறேன்" என்ற பதிலே தினமும் வந்தால், மூத்தவர் முதலில் வாயைத் திறந்து "இன்று எனக்கு முடியவில்லை" என்று சொல்லட்டும். அவர் சொன்னால்தான் இளையவர்களுக்குச் சொல்லத் தைரியம் வரும்.