வாசகர் கேள்வி–பதில்: காலியாகும் தெருவும் கமிஷன்காரர்களும்

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து சொந்தப் பணத்தில் ஒரு குற்றப்படம் எடுப்பதற்குத் திரைக்கதை எழுதியிருக்கிறோம். சந்தையை ஒட்டிய தெருவொன்றில் வட்டி, சீட்டு, இடத்தரகு என்று பிழைக்கும் மூன்று இளைஞர்கள், அந்தத் தெரு ஒரு வணிக வளாகத்துக்காகக் கைமாறும்போது எதிர்த்து நின்று சாகிறார்கள். படித்தவர்கள் எல்லோரும் 'நன்றாக இருக்கிறது, ஆனால் நம்பும்படி இல்லை' என்கிறார்கள். எங்கே பிழை? (வாசகர், வடசேரி)

பதில்: நீங்கள் அனுப்பிய கதைச்சுருக்கத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மூவரும் முதல் காட்சியிலிருந்தே தெருவின் பக்கம் நிற்கிறார்கள், பிழை அங்கேதான். வட்டிக்கும் கமிஷனுக்கும் பிழைப்பவன் இடம் கைமாறுவதை எதிர்ப்பவனாகத் தொடங்குவதில்லை. கைமாற்றிவிடுவதுதான் அவன் தொழில். எந்த வீட்டுக்காரருக்கு மகள் கல்யாணத்துக்குப் பணம் முடையாக இருக்கிறது, எந்தக் கடைக்காரருக்கு மூன்று மாத வாடகை பாக்கி நிற்கிறது, எந்தச் சொத்து அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியாமல் கிடக்கிறது என்பதெல்லாம் வெளியூர் முதலாளிக்குத் தெரியாது, இவனுக்குத் தெரியும். அந்தத் தகவலை விற்றுத் தெருவைக் காலி செய்து கொடுத்த பிறகுதான், தன்னுடைய வாடகை அறையும் தான் அன்றாடம் நிற்கும் தேநீர்க் கடையும் அதே தெருவில்தான் இருந்தன என்பது அவனுக்கு உறைக்கிறது.

ராஜீவ் ரவி இயக்கி 2016இல் வெளிவந்த மலையாளப் படமான 'கம்மட்டிப்பாடம்' இந்த முடிச்சைச் சரியாகப் பிடித்திருந்தது. கொச்சி நகரம் பெருகப் பெருக, அந்தப் பகுதியின் இளைஞர்களே தங்கள் சொந்த மக்களை நிலத்திலிருந்து கிளப்பும் கையாட்களாகிறார்கள். பிறகு எழும்பும் கட்டடங்களில் அவர்களுக்கு இடமில்லை. கங்கா என்னும் பாத்திரத்தில் நடித்த விநாயகனுக்கு அவ்வாண்டின் கேரள மாநிலச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. வெற்றிமாறனின் 'வட சென்னை'யிலும் (2018) குடியிருப்பைக் காக்க நிற்கும் ராஜனைக் கொல்பவர்கள், கூடவே இருந்து உண்டவர்கள்தான். (படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்தருள்க.)

இன்னொன்று: உங்கள் சுருக்கத்தில் ஐந்து கொலைகள் இருக்கின்றன, ஒரு வாடகை ரசீதுகூட இல்லை. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. முப்பது ஆண்டுகளாக வாய்ப்பேச்சிலேயே வாடகை கொடுத்துவந்த ஒரு பாத்திரக் கடைக்காரரிடம், சின்ன வயதில் அவர் கடைத் திண்ணையில் விளையாடிய உங்கள் நாயகனே பதினொரு மாத ஒப்பந்தத்தை நீட்டி, "சும்ம ஒரு பேப்பருக்குத்தான் அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாது" என்று கையெழுத்து வாங்கட்டும். பன்னிரண்டாவது மாதம் என்ன நடக்கும் என்று அவனுக்கும் பார்வையாளருக்கும் தெரியும், அண்ணாச்சிக்குத் தெரியாது. அந்தப் பதினொரு மாதங்கள் போதும் உங்கள் படத்துக்கு. அரிவாள் தேவைப்பட்டால் கடைசியில் வரட்டும்.

கேள்வி: இத்தகைய படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் சொல் உண்டா? (கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்)

பதில்: சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964இல் லண்டனைப் பற்றி எழுதும்போது உருவாக்கிய சொல் அது. 'ஜென்ட்ரி' என்பது பிரபுக்களுக்கு அடுத்த படியில் இருந்த நிலவுடைமையாளர்களைக் குறிக்கும். தொழிலாளர் குடியிருந்த எளிய வீடுகள், குத்தகைக் காலம் முடிந்ததும் வசதியுள்ளவர்களின் கைக்குப் போய் விலையுயர்ந்த வீடுகளாக மாறியதை அவர் கண்டார். குத்தகை முடிவதை அவர் விடாமல் குறிப்பிட்டதைக் கவனியுங்கள். அங்கேயும் காகிதம்தான் கதவைத் திறந்திருக்கிறது.

தமிழில் 'மேட்டுக்குடியாக்கம்' என்று எழுதலாம். கட்டுரைக்கு அது பொருந்தும், ஆனால் வசனத்தில் வைத்தால் நாக்கு இடறும். நம் பக்கத்தில் இதே நிகழ்வை "அந்த ஏரியா இப்ப நல்லா டெவலப் ஆயிட்டு" என்கிறோம். பால் தயிரானது போல எல்லாம் தானாக நடந்துவிட்டது என்று சொல்லும் தன்வினை அது. ஆக்கியவர் யார் என்ற பேச்சே அதில் இல்லை. துப்பறியும் கதை எழுத விரும்புகிறவருக்கு, காணாமற்போன அந்த எழுவாயைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

கேள்வி: வட்டிக்காரனையும் சட்டம்பியையும் (ரவுடியையும்) நாயகனாக்கி அழவைக்கிறார்கள். இவர்கள் ஒழிந்து தெரு சுத்தமானால் நல்லதுதானே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை)

பதில்: உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. கந்துவட்டிக்கு எதிராக 2003இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் அந்தத் தொழிலின் கொடுமை ஊரறிந்தது. அவன் அடகில் அமுக்கிய தாலிச் சங்கிலியைக் காட்டாமல் அவன் கண்ணீரை மட்டும் காட்டும் படம் எனக்கும் ஆகாது. ஆனால் தெரு கைமாறும்போது முதலில் போகிறவர் செருப்புத் தைப்பவரும் இட்லிக் கடைப் பெண்மணியும்தான். வட்டிக்காரன் முதலோடு அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். அவனிடம் சம்பளத்துக்கு நின்ற பையன்தான் எங்கும் போக முடியாமல் நிற்பான். நல்ல படம் அந்தப் பையனைப் பின்தொடரும்.

கேள்வி: சென்னை, கொச்சி என்றால் சரி. நம் மாவட்டத்தில் இப்படியொரு நகரக் கதைக்கு இடம் எங்கே இருக்கிறது? (வாசகர், கொட்டாரம்)

பதில்: உங்களுக்கு மிக அருகிலேயே இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் கன்னியாகுமரி ரயில் நிலைய வாசலில், விடுதிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒருவரைப் பார்த்தேன். சட்டைப் பை கொள்ளாமல் விடுதிகளின் முகவரி அட்டைகள். வடநாட்டுக் குடும்பம் ஒன்றிடம் இந்தியில் பேச்சுக் கொடுத்தார். அவர்கள் கைப்பேசியை நீட்டி, அறை ஏற்கெனவே பதிவாகிவிட்டதைக் காட்டினார்கள். அவர் தயங்காமல் அவர்களுடைய பெரிய பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். நானும் அதே விடுதிக்குப் போக வேண்டியிருந்ததால் மீதியையும் பார்த்தேன். வரவேற்பு மேசையில் அவர் தாமே அழைத்து வந்தவர் போல நிற்க, அங்கிருந்த இளைஞர் தலையை நிமிர்த்தாமலே, "ஆன்லைன் புக்கிங்குண்ணே, கமிஷன் கிடையாது" என்றார். "இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு, மூலையில் இருந்த கேனிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு அவர் மறுபடியும் நிலையத்தை நோக்கிப் போனார்.

அந்த விடுதிக்குப் பின்னால் ஒற்றை மாடிப் பழைய விடுதி ஒன்று உண்டு. 'கடல் பார்த்த அறைகள் உண்டு' என்னும் பலகை இன்னும் தொங்குகிறது. அறைச் சன்னலைத் திறந்தால் முன்னால் எழும்பிய கட்டடத்தின் பின்சுவரும் கழிவுநீர்க் குழாய்களும்தான் தெரியும். ஒரு மனை இன்று தரும் வருமானத்துக்கும், இடித்துக் கட்டினால் தரக்கூடிய வருமானத்துக்கும் உள்ள இடைவெளி அகன்றதும் முதலீடு அங்கே பாயும் என்று புவியியலாளர் நீல் ஸ்மித் 1979இல் எழுதினார். சூரியோதயத்தையே அறை வாடகையில் சேர்த்து விற்கும் ஊரில் அந்த இடைவெளியைக் கண்ணாலேயே அளந்துவிடலாம். முன்மனையை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் நின்று கமிஷன் பெற்றவர் அந்தப் பெட்டி சுமந்த மனிதரே என்று வைத்து எழுதிப் பாருங்கள்.

கேள்வி: சொந்தப் பணத்தில் எடுக்கும் குற்றப்படத்துக்குத் தணிக்கையில் சிக்கல் வருமா? (வாசகர், குளச்சல்)

பதில்: திரையரங்கில் காட்ட வேண்டுமானால் சான்றிதழ் கட்டாயம். 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்கும் யு/ஏ பிரிவு 7, 13, 16 வயது என மூன்றாகியிருக்கிறது. 'ஆரண்ய காண்டம்' என்னும் தமிழ்க் குற்றப்படம் வெட்டுகளை ஏற்காமல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் 2011இல் வெளிவந்தது. அந்தத் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டதால், இப்போது முறையிட உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே செலவுத் திட்டத்தில் வழக்கறிஞர் கட்டணத்துக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். வசவு வரும் இடங்களுக்கு மாற்று வசனங்களை டப்பிங்கின்போதே பதிவு செய்து வையுங்கள். பிறகு நடிகர்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் ஒலிக்கூடத்துக்குக் கூட்டி வருவது, சிறிய படத்துக்குத் தாங்காத செலவு.