பேசும்படம் வந்ததும் ஊமைப்பட நடிகைகள் என்ன ஆனார்கள்?

எல்லோரும் வீட்டுக்குப் போய்விடவில்லை. பம்பாய் சுலோச்சனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். (பின்னாளில் இந்திப் படங்களில் அம்மாவாக வந்த மராத்தி சுலோச்சனா வேறு.)

இவருடைய சொந்தப் பெயர் ரூபி மயர்ஸ். 1907இல் புணேயில் பிறந்த பாக்தாதி யூதப் பெண். டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவரைக் கோஹினூர் பிலிம் கம்பெனியின் மோகன் பவ்னானி நடிக்கக் கூப்பிட்டார். முதலில் மாட்டேன் என்றுவிட்டார். சினிமாவில் சேர்ந்தால் பெண்ணுக்குக் கெட்ட பெயர் என்று இருந்த காலம். பவ்னானி விடவில்லை, கடைசியில் சம்மதித்து 1925 வாக்கில் நடிக்க வந்தார்.

குடும்பப் பெண்கள் வரத் தயங்கியதால் யூத, ஆங்கிலோ இந்தியப் பெண்கள் பலர் இந்துப் பெயர் வைத்துக்கொண்டு கதாநாயகி ஆனார்கள். ரெனீ ஸ்மித் சீதா தேவி ஆனதும் அப்படித்தான். வசனம்தான் திரையில் எழுத்தாக வந்துவிடுமே, இந்துஸ்தானி தெரியுமா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

1927இல் வந்த 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' படத்தில் சுலோச்சனாவுக்கு 8 வேடம். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருவில் திரியும் பையன், பொன்னிற முடி வெள்ளைக்காரி என்று மாறி மாறி வந்தார். சிவாஜியின் 'நவராத்திரி'க்கு 37 வருடம் முன்னால்! கோஹினூரை விட்டு இம்பீரியல் பிலிம் கம்பெனிக்குப் போனார். பம்பாய் கவர்னரை விட இவருக்குச் சம்பளம் அதிகம் என்று ஊரே பேசியது. 1928இல் இன்னொரு கம்பெனி சீதா தேவியை வைத்து அனார்கலி கதையைப் பெரிய செலவில் எடுத்துக்கொண்டிருந்தபோது, இம்பீரியல் சுலோச்சனாவை வைத்து அவசரமாக ஒரு 'அனார்கலி'யை எடுத்து முந்திக்கொண்டது.

1931இல் அதே இம்பீரியல் 'ஆலம் ஆரா'வை எடுத்தது. இந்தியாவின் முதல் பேசும்படம். கதாநாயகி ஜுபைதா. கம்பெனியின் பெரிய நட்சத்திரம் ஓரமாக நிற்க வேண்டியதாயிற்று, காரணம் மொழி. சுலோச்சனா அழுது புலம்பவில்லை. சுமார் ஒரு வருடம் ஒதுங்கி இந்துஸ்தானி படித்தார். 1932இல், தான் ஊமைப்படமாக நடித்து ஓடிய 'மாதுரி'யையே பேசும்படமாக்கித் திரும்பி வந்தார். பிறகு வரிசையாகப் பழைய படங்கள்தான். 1929இல் 'இந்திரா பி.ஏ.'வாக இருந்தவள் 1934இல் 'இந்திரா எம்.ஏ.' ஆகிவிட்டாள். 1935இல் மறுபடி 'அனார்கலி'. பேசும்படத்தால் இவர் ஒழிந்தார் என்று எழுதுபவர்கள் இந்த வருடங்களைக் கவனிப்பதில்லை. 30களின் பிற்பகுதியில் புதுமுகங்கள் வந்த பிறகுதான் இறங்குமுகம். வயதான எந்தக் கதாநாயகிக்கும் நடப்பதுதான் அது.

அதன் பின் சின்னச் சின்ன வேடங்கள். 1973ஆம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருது கிடைத்தது. 1983இல் பம்பாயில் காலமானார்.

இவருடைய ஊமைப்படங்களைத் தேடினால் ஏமாற்றம்தான், பெரும்பாலும் அழிந்துவிட்டன. ஆளைப் பார்க்க ஆசையென்றால் 1953இல் வந்த 'அனார்கலி'யைப் போட்டுப் பாருங்கள். அனார்கலியாக வருவது பீனா ராய். சலீமின் அம்மாவாக வருகிறாரே, அவர்தான் சுலோச்சனா.