கிராவல் கொட்டுறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "தார் போடாத தெருவுக்கு என்ன மண்ணு நல்லது"ன்னு ஒரு வரி எழுதினதுக்கு மணலி, எண்ணூர், மாதவரம் பக்கத்துல இருந்து நிறைய பேர் கேட்டு அனுப்பியிருக்கீங்க. ஒரே மாதிரி கேள்விங்கள ஒண்ணாக்கி இந்த வாரம் முழுக்க கிராவலுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: சார், நான் மணலி புதுநகர் பக்கம் ஒரு புது லேஅவுட்ல குடியிருப்போர் சங்கச் செயலாளர். எங்க தெரு 60 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ரோடு எப்ப வரும்னு தெரியல, அதனால காசு வசூல் பண்ணி போன வருஷம் செம்மண் கிராவல் கொட்டினோம். வெயில்ல சூப்பரா இருந்துச்சு, ஐப்பசி மழை பிடிச்சதும் சேறு, பைக் எல்லாம் சறுக்குது. இப்ப ஒரு மேஸ்திரி "மண்ணே வேணாம், 40 எம்எம் ஜல்லி மட்டும் கொட்டுங்க, தண்ணி நிக்காது"ன்றார். செய்யலாமா?

பதில்: செய்யாதீங்க சார். போன வருஷம் ஒரு ஓரத்துக்குப் போனீங்க, இப்ப அவர் உங்களை இன்னொரு ஓரத்துக்கு இழுக்குறாரு. வெறும் ஜல்லி ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு நிக்காது, பைக் டயர் பட்டதும் உருளும், ரெண்டு மாசத்துல பாதி ஜல்லி காம்பவுண்டு ஓரமும் கால்வாயிலயும் கிடக்கும், நடுவுல பழைய சேறு மறுபடி எட்டிப் பாக்கும்.

கிராவல் ரோட்டோட மேல் லேயருக்கு மூணு சமாச்சாரம் சேர்ந்து இருக்கணும். வண்டி பாரத்தைத் தாங்க கல்லு, கல்லுக்கு நடுவுல இருக்குற சந்தை அடைக்க மணலு, இது எல்லாத்தையும் கட்டிப் பிடிக்க கொஞ்சம் பிசுபிசுப்பான பொடி. இந்தப் பொடியிலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. 75 மைக்ரான் சல்லடையில இறங்குற பொடி எவ்வளவு இருக்கு, அது எவ்வளவு ஒட்டுது, இந்த ரெண்டையும் கேட்டாலே பாதி வேலை முடிஞ்சிரும். அமெரிக்காவுல தெற்கு டகோட்டா மாநிலத்துல மேல் லேயர் கிராவலுக்குன்னு வெச்சிருக்குற கணக்கு: கல்லு முழுக்க 19 மி.மீ. சல்லடையில இறங்கணும், பொடி 4லேர்ந்து 15 சதவீதம், பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் 4லேர்ந்து 12. இந்த இண்டெக்ஸ் பெருசா ஒண்ணும் இல்ல, மண்ணு எவ்வளவு ஈரத்துல குழம்பா ஓட ஆரம்பிக்குது, எவ்வளவு ஈரத்துல உதிர ஆரம்பிக்குது, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம், அவ்வளவுதான். நம்ம ஊர்லயும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கிராவல் ரோட்டுக்குன்னே 2008ல ஐஆர்சி எஸ்பி 77ன்னு ஒரு கையேடு போட்டிருக்கு, உங்க கான்ட்ராக்டர் அதைப் பாத்தே இருக்க மாட்டாரு.

இன்னொரு குழப்பமும் இருக்கு. சப்ளையர்கிட்ட "நல்ல கிராவல்"னு கேட்டா ஜிஎஸ்பி அனுப்புவாரு. ஜிஎஸ்பி தாருக்கு அடியில போற சரக்கு, அதுக்கு வேலையே தண்ணிய வடிய விடுறது, அதனால அதுல பிளாஸ்டிசிட்டி 6க்குள்ள இருக்கணும்னு வெச்சிருக்காங்க, நிறைய லோடுல சுத்தமா ஜீரோவாவே வரும். அதையே மேல மூடாம விட்டீங்கன்னா வெயில்ல புழுதி, மழையில பொடி அடிச்சுட்டுப் போய் வெறும் கல்லு. அடி லேயருக்கு நல்ல சரக்கு மேல் லேயருக்கு கெட்ட சரக்கா இருக்கலாம், இதை ஆர்டர் குடுக்கும்போதே சொல்லிருங்க.

உங்க கேஸ்ல பழைய செம்மண்ண தூக்கிப் போட வேணாம். அதுல பொடி 25 சதவீதம் இருக்குன்னு வெச்சுக்கோங்க, 20 எம்எம் ஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் கலந்த சரக்குல பொடி 6 சதவீதம்னு வெச்சுக்கோங்க, செம்மண் 2 பங்கு ஜல்லிக் கலவை 3 பங்குன்னு கலந்தா மொத்தத்துல 13.6 வரும், அதாவது 15க்குள்ள. டெஸ்ட் பண்ணிட்டு உங்க நம்பரை வெச்சு இதே கணக்கைப் போடுங்க. கலக்குறதுன்னா மேலாப்புல தூவுறது இல்ல சார், கிளறி, தண்ணி தெளிச்சு, புரட்டிப் போட்டு அப்புறம்தான் ரோலர். நடு முதுகு ஓரத்தைவிட உயரமா இருக்கணும், கிராவலுக்கு 4 சதவீதம் சரிவு வேணும், உங்க 4 மீட்டர் தெருவுல நடுவுல இருந்து ஓரத்துக்கு 8 செ.மீ. இறக்கம். இது இல்லன்னா எந்த ஊரு சரக்கும் நிக்காது. சென்னைக்கு வருஷத்துல 1400 மி.மீ. சுமாருக்கு மழை, அதுல பெரும்பங்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஒரே அடியா கொட்டுது. மிக்ஜாம் புயல் வந்தப்போ உங்க ஏரியா எப்படிக் கிடந்துச்சுன்னு நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. அதனால தெருவ வெறுமனே ஏத்திக்கிட்டே போகாதீங்க, வெட்டி எடுத்துட்டு போடுங்க, இல்லன்னா தண்ணி உங்க மெம்பர் வீட்டு ஹாலுக்குள்ளதான் போகும், அடுத்த மீட்டிங்ல நீங்க உக்கார முடியாது.

கேள்வி: கொடுங்கையூர்ல இருந்து எழுதுறேன்ங்க. எங்க சங்கத்துல நான் பொருளாளர். லேப் டெஸ்ட்டுக்கு காசு குடுக்க ஒருத்தரும் ஒத்துக்கல. லாரி வாசல்ல வந்து நின்னா நானே பாக்குற மாதிரி ஏதாவது இருக்கா?

பதில்: இருக்கும்மா. ஆனா லாரி வாசலுக்கு வந்தப்புறம் பாத்தா டிரைவர் அவசரப்படுத்துவாரு, முந்தின நாளே யார்டுக்குப் போய் அள்ளிட்டு வந்துருங்க. அள்ளுறதுலயே ஒரு சூட்சமம் இருக்கு. குவிச்ச குவியல்ல பெரிய கல்லு உருண்டு அடியில சேரும், பொடி மேல நிக்கும், அதனால உச்சியில ஒரு கை எடுத்தா எல்லாமே பொடி மாதிரி தெரியும், அடியில எடுத்தா எல்லாமே கல்லு மாதிரி தெரியும். மேல, நடு, அடின்னு சுத்தி பல இடத்துல, வெயில் பட்டு காஞ்ச தோலை ஒதுக்கிட்டு உள்ளேர்ந்து எடுங்க. எல்லாத்தையும் ஒரு தார்ப்பாய்ல கொட்டிக் கலந்து, வட்டமா பரப்பி, நாலா பிரிச்சு, எதிர் எதிர் ரெண்டு பங்கை மட்டும் வெச்சுக்கோங்க, மீதியத் தள்ளிருங்க. தேவையான அளவு வர்ற வரைக்கும் இதே மாதிரி.

அதுல 1 கிலோ நல்லா காய வெச்சு எடை போடுங்க. பக்கெட்ல போட்டு தண்ணி ஊத்தி கையால அலசுங்க, கலங்கின தண்ணிய மட்டும் சாய்ச்சு ஊத்துங்க, மணலு போகக் கூடாது. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசணும். மிச்சத்தைக் காய வெச்சு மறுபடி எடை போட்டா 880 கிராம் இருக்குன்னா 12 சதவீதம் பொடி, பரவால்ல. 700க்கு இறங்கிருச்சுன்னா அது கிராவல் இல்ல, வெறும் மண்ணு, அந்த லோடே வேணாம்னு சொல்லிருங்க. 980 இருந்தா ஒட்டுறதுக்கு ஒண்ணுமில்ல.

பொடி எவ்வளவுன்றது இதுல தெரியும், அது ஒட்டுற களிமண்ணா, ஒட்டாத வண்டலான்னு தெரியாது. அதுக்கு அலசாத மண்ணை டீ வடிகட்டியில சலிச்சு, சலிச்ச மாவை தண்ணி விட்டு சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைஞ்சு, ஒரு கண்ணாடி மேல உள்ளங்கையால உருட்டி நூல் திரிங்க. லேப்லயும் இதைத்தான் செய்யுறாங்க, 3 மி.மீ. கனத்துல நூல் உதிரணும்னு அவங்க கணக்கு. உங்களுக்கு நூலே வரலைன்னா ஒட்டு இல்லாத சரக்கு. மெல்லிசா வந்து, திரும்ப உருண்டை பிடிச்சு உருட்டினாலும் உதிராம ரப்பர் மாதிரி நீண்டுக்கிட்டே போச்சுன்னா களி ஜாஸ்தி, உங்க தெருவுல ஸ்கூட்டி சறுக்கும். அதே மாவுல ஒரு பிஸ்கட் அளவுக்குத் தட்டி ரெண்டு நாள் வெயில்ல வெச்சுட்டு விரலால உடைச்சுப் பாருங்க: தொட்டதும் பொடியானா வேணாம், உடைக்கவே முடியாம கல்லு மாதிரி சுருங்கி விரிசல் விட்டிருந்தாலும் வேணாம், கொஞ்சம் அழுத்தினதும் "டக்"குன்னு ரெண்டா உடைஞ்சா வாங்கிக்கலாம். கல்லையும் ஒரு ராத்திரி தண்ணியில ஊற வெச்சு சுத்தியால தட்டுங்க. செம்மண் கிராவல்ல வர்ற சிவப்புக் கல்லுல சிலது காஞ்சிருக்கும்போது கெட்டியா இருக்கும், ஊறினதும் விரல்லயே நசுங்கும்.

இவ்வளவும் செஞ்சுட்டு, காசு இருந்தா லேப்புக்கும் அனுப்புங்க. மொத்த லோடு செலவோட பாத்தா ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் ஒண்ணுமே இல்லன்னு மீட்டிங்ல சொல்லுங்க.

கேள்வி: அண்ணே, வியாசர்பாடி. சின்ன சின்ன கான்ட்ராக்ட் எடுக்குறேன். சப்ளையர் லேப் ரிப்போர்ட் குடுத்தாரு, பத்து நம்பர் இருக்கு, எதைப் பாக்கறது?

பதில்: முதல்ல தேதியையும், எந்தக் குவாரி எந்தக் குவியல்னு போட்டிருக்கான்னும் பாரு தம்பி. ஒரே ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து வருஷக்கணக்கா எல்லாருக்கும் காட்டுறவங்க இருக்காங்க.

அப்புறம் தென்னாப்பிரிக்காவுல டிஆர்எச் 20ன்னு கிராவல் ரோட்டுக்கு ஒரு வழிகாட்டி இருக்கு, நான் பாத்ததுல சுலபமா புரியுற முறை அதுதான். ரெண்டே நம்பர். ஒண்ணு, லீனியர் ஷ்ரிங்கேஜை (ஈர மண்ணு காயும்போது நீளத்துல எத்தனை சதவீதம் சுருங்குதுன்றது) 425 மைக்ரான் சல்லடையில இறங்குற சதவீதத்தால பெருக்கு. உதாரணத்துக்கு 5ஐ 30ஆல பெருக்கினா 150. இது 100லேர்ந்து 365க்குள்ள இருந்தா சரி, கம்மின்னா ரோடு வரி வரியா ஆகி கல்லு பேந்துக்கும், ஜாஸ்தின்னா மழையில வழுக்கும். ரெண்டாவது, 26.5 மி.மீ.ல இறங்குற சதவீதத்துல இருந்து 2 மி.மீ.ல இறங்குறதைக் கழிச்சு, 4.75ல இறங்குற சதவீதத்தால பெருக்கி 100ஆல வகு. 95, 45, 58ன்னா 50ஐ 58ஆல பெருக்கி 100ஆல வகுத்தா 29. இது 16லேர்ந்து 34க்குள்ள வரணும், கீழ போனா மழைத் தண்ணி அரிச்சுட்டுப் போகும், மேல போனா கல்லு தனித்தனியா கழண்டுக்கும். ஊற வெச்ச சிபிஆர், அதாவது மண்ணு பாரத்தை எவ்வளவு தாங்கும்னு காட்டுற நம்பர், 15க்குக் குறையக் கூடாதுன்னும் அதுல இருக்கு.

நம்ம லேப்ல கேட்கும்போது ஐஎஸ் 2720ல (மண்ணு டெஸ்ட்டுக்கான இந்திய ஸ்டாண்டர்டு) பார்ட் 4 சல்லடைக்கு, பார்ட் 5 லிக்விட் லிமிட், பிளாஸ்டிக் லிமிட்டுக்கு (மேல சொன்ன குழம்பா ஓடுற ஈரம், உதிர ஆரம்பிக்கிற ஈரம்), பார்ட் 20 லீனியர் ஷ்ரிங்கேஜுக்குன்னு தெளிவா எழுதிக் குடு. ஷ்ரிங்கேஜ் நீ கேட்டாதான் செய்வாங்க. சிபிஆர் 4 நாள் ஊற வெச்ச பிறகு எடுத்ததான்னு பாரு, ஊற வைக்காத நம்பர் அழகா இருக்கும், எண்ணூர் ஹை ரோடு ஓரத்துல அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. பர்ச்சேஸ் ஆர்டர்ல "நல்ல தரமான கிராவல்"னு எழுதாம இந்த நம்பர்களையே எழுது. நம்பர் இல்லாத ஆர்டர்ல சண்டை போட்டா நீதான் தோப்ப.

கேள்வி: எண்ணூர். அனல் மின் நிலையச் சாம்பல் சும்மா கிடைக்குதுன்றாங்க, தெருவுக்குப் போடலாமா?

பதில்: மேல் லேயருக்கு வேணவே வேணாம். அதுல ஒட்டே கிடையாது, காஞ்சா பறக்கும், சாம்பல் காத்துல உங்களுக்கு ஏற்கனவே போதும் போதும்னு ஆயிருச்சு. பள்ளம் நிரப்ப, கரை உயர்த்த சாம்பலை வெக்க முறை இருக்கு, அதுக்கு ஐஆர்சி எஸ்பி 58 தனியா இருக்கு, அதுலயும் பக்கவாட்டுல மண்ணு போட்டு மூடித்தான் ஆகணும். இன்ஜினியர் இல்லாம இறங்காதீங்க.

கேள்வி: மாதவரத்துல கன்டெய்னர் யார்டு பாத்துக்குறேன் சார். கேட்டுக்கிட்ட ரோடு துணி துவைக்கிற கல்லு மாதிரி வரி வரியா ஆயிருது, ஜேசிபி விட்டு சமம் பண்ணினா பத்தே நாள்ல திரும்ப வருது. சரக்கு மோசமா?

பதில்: சரக்கும் ஒரு காரணம், டிரைவருங்களும் ஒரு காரணம். டிரெய்லர் பிரேக் அடிக்கிற இடம், கிளப்புற இடம், திரும்புற இடம், இங்கதான் வரி விழும், உங்க கேட்டு மூணுமே. ஒட்டு கம்மியான, காஞ்ச கிராவல்ல டயர் துள்ளித் துள்ளி பொடிய அடுக்குது. ஜேசிபி பக்கெட்டை வெச்சு மேல இருக்குற லூஸ் மண்ண பள்ளத்துல தள்ளுறீங்க, வரியோட அடி அப்படியே உள்ள இருக்கு, அதனாலதான் சீக்கிரம் திரும்ப வருது. வரி எவ்வளவு ஆழமோ அதுக்கும் கீழ கிளறி விடணும், மோட்டார் கிரேடர் வாடகைக்கு எடுத்தா நல்லது. கிளறும்போதே களி கலந்த கிராவல் கொஞ்சம் சேருங்க, தண்ணி தெளிங்க, கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், உள்ளங்கை நனையக் கூடாது, அந்தப் பதத்துல ரோலர் விடுங்க. மழை பேஞ்ச மறுநாள் செஞ்சா தண்ணி செலவும் மிச்சம். கேட்டு வாசல்ல மட்டும் ஒரு 20 மீட்டருக்கு கான்கிரீட் போட்டுட்டா இந்தத் தலைவலியே இல்ல, முதலாளிகிட்ட அதைக் கேளுங்க.

கேள்வி: திருவொற்றியூர். வீடு இடிச்ச ரப்பீஷ் கொட்டினா கிராவலுக்குப் பதிலா ஆகாதா?

பதில்: அடியில பள்ளம் நிரப்ப ஆகும், அதுவும் கம்பி, டைல்ஸ், மரம், பிளாஸ்டிக் எல்லாம் பொறுக்கி எடுத்து, கட்டியா இருக்குறத உடைச்ச பிறகு. மேல விட்டா ஆட்டோ டயர் எல்லாம் பஞ்சர்.

கேள்வி: புழல்ல இருந்து. 6 யூனிட் லோடுன்னு காசு வாங்குறாங்க, சரியா வருதான்னு எப்படித் தெரியும்?

பதில்: 1 யூனிட்னா 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். டேப் எடுத்து பாடிக்குள்ள நீளம், அகலம், சரக்கு நிக்கிற உயரம் மூணையும் அடிக் கணக்குல அளங்க, பெருக்கி 100ஆல வகுங்க. 14 அடி, ஏழரை அடி, 4 அடின்னா 420, அதாவது 4.2 யூனிட்தான். அளக்க விடலைன்னா இறக்க விடாதீங்க. எவ்வளவு வாங்கணும்னா, முதல் கேள்வியில வந்த 60 மீட்டர் தெருவையே எடுத்துக்கோங்க, ரோலர் போட்ட பிறகு 15 செ.மீ. கனம் வேணும்னா 36 கன மீட்டர், ஆனா லாரியில சரக்கு உதிரியா வருது, ரோலர்ல அமுங்கும், அதனால சுமாரா 1.3ஆல பெருக்கணும், 46.8 கன மீட்டர், பதினாறரை யூனிட் வரும். கூடவே டிரைவர்கிட்ட கனிமவளத் துறை டிரான்சிட் பாஸ் கேளுங்க, அதுல லாரி நம்பரும் தேதியும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. பாஸ் இல்லாத மண்ணு எந்த ஏரியில வெட்டினதோ, நாளைக்கு விஏஓ வந்து நின்னா சப்ளையர் போனை எடுக்க மாட்டாரு.