ஆரஞ்சுப் பெட்டி லேபிள் அசல்தானா?

கேள்வி: கலிபோர்னியாவில் பழைய சாமான் சந்தையில் ஓர் ஆரஞ்சுப் பெட்டி லேபிள் வாங்கினேன். 1930-களின் அசல் என்று சொல்லி விற்றார்கள். ஆனால் பளிச்சென்று புதிதாக இருக்கிறது. போலியா? லேமினேட் செய்து மாட்டலாமா?

பதில்: லேமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள், பண்ணினால் திருப்ப முடியாது. புதிதாக இருப்பதால் போலி என்றும் முடிவுகட்ட வேண்டாம், ஏனென்றால் இன்று கைமாறும் லேபிள்களில் பெரும்பாலானவை எந்தப் பெட்டியிலும் ஒட்டப்படாமலே கிடந்தவை. 1880-களிலிருந்து பழத்தை மரப்பெட்டியில் அடுக்கி, முகப்பில் இந்தத் தாளை ஒட்டி ரயிலேற்றினார்கள். 1950-களின் நடுவில் அட்டைப்பெட்டி வந்ததும் மிச்ச லேபிள்கள் கட்டுக்கட்டாகக் கிடங்கிலேயே தங்கிவிட்டன. அதனால் அசலாகவே இருந்தாலும் அது அபூர்வம் என்று சொல்ல முடியாது. விலை பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

இவ்வளவு அழகாக அச்சடிக்க என்ன அவசியம் என்றால், பழம் எல்லாம் ஒன்றுபோலவே இருந்ததுதான். பிரேசிலின் பாயியாவிலிருந்து வாஷிங்டன் வழியாக வந்த விதையில்லா நேவல் ஆரஞ்சுக் கன்றுகளை 1873-இல் ரிவர்சைடில் எலைசா டிபெட்ஸ் நட்டார். விதை இல்லாததால் மொட்டுக்கட்டித்தான் (அந்த மரத்தின் மொட்டை வேறு செடியில் ஒட்டித்தான்) பெருக்க வேண்டும், ஆக தோட்டம் தோட்டமாகப் பரவியதெல்லாம் அதே மரம்தான். நியூயார்க் மாதிரி கிழக்கு நகரங்களில் ஏலம் எடுக்க வந்த மொத்த வியாபாரிக்கு ஒரு பெட்டியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட படம்தான் இருந்தது. குதிரை, பூனை, அழகி என்று பழத்துக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள் வந்ததும் அதனால்தான்.

சரி, சோதனைக்கு வருவோம். 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிப் பாருங்கள். பழைய கல்லச்சில் (கல்லில் படம் வரைந்து அச்சடிக்கும் முறை) நிழல்கள் கையால் குத்திய ஒழுங்கில்லாத புள்ளிகளாகத் தெரியும். இன்றைய இங்க்ஜெட் பிரதியில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புத் துகள்கள் எங்கும் சிதறியிருக்கும். வரிசையான புள்ளிக்கட்டம் இருந்தால் அவசரப்படாதீர்கள், பிற்கால அசல்களிலும் அது உண்டு. அங்கேதான் புற ஊதா விளக்கு உதவும்: தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் வெளுப்பூட்டிய பிற்காலத் தாள், 1930-கள் என்ற கதை அதோடு முடிந்தது. அளவையும் பாருங்கள், ஆரஞ்சு லேபிள் சுமார் 10-க்கு 11 அங்குலம் இருக்கும், எலுமிச்சையுடையது கொஞ்சம் அகலமானது.

எழுத்தையும் படியுங்கள். 'சன்கிஸ்ட்' பெயர் 1908 வாக்கில்தான் வந்தது. 'கலிபோர்னியா ஃப்ரூட் க்ரோவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்ற கூட்டுறவு 1952-இல் 'சன்கிஸ்ட் க்ரோவர்ஸ்' ஆனது, ஆகவே இந்தப் பிந்தைய பெயர் இருந்தால் 1930-கள் கிடையாது. முகவரியில் ஐந்திலக்க ஜிப் எண் (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் 1963-க்குப் பிறகு அச்சடித்தது. ஒப்பிட்டுப் பார்க்க கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் ஜே லாஸ்ட் கொடுத்த பெரிய சேகரிப்பு இருக்கிறது (ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கிய எட்டுப் பேரில் ஒருவர், சிலிக்கான் சிப் மனிதருக்குப் பழப்பெட்டித் தாள் மேல் இப்படி ஒரு பைத்தியம்!).

மாட்டுவதற்கு அமிலமில்லாத அட்டை, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி, வெயில் படாத சுவர் போதும். தாள் கண்ணாடியில் உரசாமல் நடுவே மவுண்ட் (இடைவெளி தரும் அட்டைச் சட்டம்) போடச் சொல்லுங்கள், செலோடேப் வேண்டவே வேண்டாம். பின்பக்கம் பழைய பசை இருந்தால் சுரண்டாதீர்கள், உங்களுடையது நிஜமாகவே பெட்டியில் ஒட்டிப் பயணம் போன லேபிளாக இருக்கலாம்.