மத்தவிலாசத்தை வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது?

தொடக்கக்கல்லூரியில் இலக்கியம் பயில்வோருக்கு மகேந்திரவர்ம பல்லவனின் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தைத் தமிழ் மொழிபெயர்ப்பில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், வாசிக்கும்போது எவரும் சிரிப்பதில்லை என்றும், பல சமயத்தார் சேர்ந்து அமரும் சிங்கப்பூர் வகுப்பறையில் துறவிகளைக் கேலி செய்யும் நாடகம் சங்கடம் தருமோ என்றும் கேட்டிருக்கிறார்.

பல்லவர் வரலாறு, வடமொழி நாடக இலக்கணம், 7ஆம் நூற்றாண்டுக் காஞ்சியின் சமயநிலை என்று முன்னுரையிலேயே பாடவேளைகள் கழிந்தால், நாடகத்தை எட்டும்போது மாணவர் குறிப்பெடுக்கும் மனநிலைக்குப் போயிருப்பார்கள். ஆகவே சண்டையிலிருந்தே தொடங்குங்கள். மண்டையோட்டைப் பிச்சைப் பாத்திரமாக ஏந்தும் சைவத் துறவியான காபாலிகன் சத்தியசோமன், கள்மயக்கத்தில் அந்தக் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, அதில் சுட்ட இறைச்சி இருந்ததால் எடுத்தது நாயாகவோ பௌத்தத் துறவியாகவோதான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, வழியில் வரும் நாகசேனனைப் பிடித்துக்கொள்கிறான். துறவியின் பாத்திரம் வேறு நிறமாக இருப்பதைக் கண்ட பிறகும், நிறத்தை மாற்றிவிட்டார் என்றே சாதிக்கிறான். காபாலிகன், அவன் துணைவி தேவசோமை, துறவி ஆகிய மூவராக மாணவர் எழுந்து நின்று இப்பகுதியைப் படிக்கட்டும். முடிவுக்கு ஏற்பச் சான்றை வளைக்கும் தருக்கம் காதில் விழுந்தால்தான் சிரிப்பு பிறக்கும். மௌன வாசிப்பில் அது நழுவிவிடும்.

பிறகு, ஒவ்வொரு பேச்சிலும் பேசுபவர் விரும்புவது என்ன, அதற்குச் சொல்லும் காரணம் என்ன என்று இரு பத்திகளாக எழுதச் சொல்லுங்கள். மதுக்கடையை வேள்விச்சாலையாகக் காபாலிகன் வருணிப்பதும், நல்ல உணவையும் படுக்கையையும் அனுமதித்த புத்தர் மதுவையும் மங்கையரையும் மட்டும் எப்படி விலக்கியிருப்பார் என்று ஐயுற்று, முதியோர் மறைத்த மூலநூலைத் துறவி தேட நினைப்பதும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். நாடகத்தின் உயிர்நிலை அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

சமயச் சங்கடத்துக்கும் விடை அங்கேயே இருக்கிறது. நோன்பு உண்மையான அளவுகோலாக நிற்பதால்தான் அதிலிருந்து வழுவுபவர் நகைப்புக்குள்ளாகிறார். மதுவைத் துறப்பதாகச் சூளுரைக்காத ஒருவர் அதை விரும்புவதில் வேடிக்கை ஏதுமில்லை. மேலும், சிவனை வாழ்த்தித் தொடங்கும் இந்நாடகத்தில் பெருங்குடிகாரன் ஒரு சைவனே. நடுவராக வரும் பாசுபதன் (மற்றொரு சைவப் பிரிவின் துறவி) வழக்கைத் தீர்க்க இயலாமல் நீதிமன்றத்தைக் காட்டும்போது, விகாரைகளின் செல்வம் படைத்த துறவி அங்குள்ளோரின் வாயை நிரப்பிவிடுவார் என்று தேவசோமை அஞ்சுவதால், அரசன் தன் ஆட்சியையும் விட்டுவைக்கவில்லை என்பது தெளிவாகும். இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் பௌத்த மாணவர் எவரையும் தம் சமயத்துக்காகப் பதிலளிக்கச் சொல்லாதீர்கள். பாத்திரங்களையும் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுங்கள்.

மாமண்டூர்க் கல்வெட்டில் நாடகத்தின் பெயர் இடம்பெறுவது போன்ற வரலாற்றுச் செய்திகளை இதன்பின் சுருக்கமாகச் சொன்னால் போதும். கட்டுரைத் தலைப்பாக இதைக் கொடுக்கலாம்: நாயிடமிருந்து பித்தன் கைப்பற்றிய கபாலம் திரும்பக் கிடைத்து எல்லோரும் இணக்கமாகப் பிரியும்போது, அவர்களுள் யாரேனும் மாறியிருக்கிறார்களா?